கன்ட்ரோலர் ஓட்டுவது ரயிலையா, தண்டவாளத்தையா?

மாதிரி ரயில் பாதை அமைப்பவர் இரண்டாவது எஞ்சினை வாங்கும் நாளில் ஒரு குழப்பமும் கூடவே வந்து சேர்கிறது. முதல் எஞ்சின் வட்டப் பாதையில் அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவதையும் அதே பாதையில் வைத்ததும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், ஒன்றாக நிற்கும். ஒன்றை நிலையத்தில் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓட்ட வழியே இருக்காது.

அப்போது காதில் விழும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டுதான். “இரண்டு ரயிலுக்கு இரண்டு கன்ட்ரோலர் (வேகத்தையும் திசையையும் மாற்றும் குமிழ்ப் பெட்டி) வாங்குங்கள்” என்பார் ஒருவர். “டிஜிட்டலுக்கு மாறிவிடுங்கள், வயரிங் வேலையே கிடையாது, இரண்டு கம்பி போதும்” என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் நம்பிப் பலகைக்கு அடியில் கம்பி இழுத்தவர்கள், சில வாரங்களில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிப் பிடுங்கியிருக்கிறேன். மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலிலேயே புரிந்துகொண்டால் அந்த வேதனை தேவையில்லை.

பரவலாகப் புழங்கும் இரண்டு தண்டவாள முறையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். நடுவில் மூன்றாவது மின்பாதை கொண்ட முறைகளின் கணக்கு வேறு.

மின்சாரம் போகும் வழி

இரண்டு தண்டவாளங்களையும் இரண்டு நீண்ட கம்பிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் கட்டைகள் பிளாஸ்டிக் என்பதால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. கன்ட்ரோலரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் ஏறி, அந்தப் பக்கச் சக்கரங்கள் வழியாக மோட்டாருக்குள் போய், மறுபக்கச் சக்கரங்கள் வழியாக அடுத்த தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடுகிறது. இந்த வட்டம் முழுமையாக இருக்கும்வரை மோட்டார் சுழலும்.

சாதாரண கன்ட்ரோலர் தருவது நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். ஹெச்ஓ என்ற அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்த ரயில்களுக்கு, இது பெரும்பாலும் 12 வோல்ட்வரை போகும். குமிழைத் திருப்பினால் வோல்ட் கூடும், ரயில் வேகமெடுக்கும். எந்தத் தண்டவாளம் பிளஸ், எந்தத் தண்டவாளம் மைனஸ் என்பதைத் துருவநிலை என்கிறோம். அதை மாற்றிப்போட்டால் ரயில் எதிர்த்திசையில் ஓடும்.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கையிலிருக்கும் எஞ்சினை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினைப் பாதையில் வைத்து இடமிருந்து வலமாக ஓட விடுங்கள். நிறுத்துங்கள். கன்ட்ரோலரைத் தொடாமல், எஞ்சினை மட்டும் தூக்கி முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மறுபடி வேகம் கொடுங்கள். எஞ்சினின் மூக்கு இப்போது இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும், அது பின்னோக்கி ஓடியபடி மறுபடியும் வலப்பக்கமே போகும். எஞ்சினைத் திருப்பும்போது அதன் சக்கரங்களும் பக்கம் மாறிவிடுகின்றன, மோட்டாருக்குப் போகும் பிளஸ் மைனஸும் மாறிவிடுகிறது. பாதையின் துருவநிலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவருக்கு மீதிக் கட்டுரை எளிதாகிவிடும். சாதாரண கன்ட்ரோலருக்கு எஞ்சின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தண்டவாளத்துக்கு ஒரு வோல்டும் ஒரு துருவநிலையும் கொடுக்கிறது. அந்தத் தண்டவாளத்தின் மேல் எது நின்றாலும் அதன்படி ஓடுகிறது.

ஒரே ரெகுலேட்டரில் இரண்டு மின்விசிறிகளை இணைத்தால் என்ன ஆகும்? குமிழைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து வேகமெடுக்கும், சேர்ந்து ஓயும். ஒரே பாதையில் நிற்கும் இரண்டு எஞ்சின்களின் நிலையும் அதுதான். மோட்டாரும் பல்சக்கரங்களும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுவதால் ஒன்று சற்று வேகமாக ஓடி, சில சுற்றுகளில் மற்றதன் வாலைப் பிடித்துவிடும்.

இதுவரை பார்த்தது: வேகமும் திசையும் பாதைக்குக் கொடுக்கப்படுகின்றன. ஒரே பாதையில் இருக்கும் எல்லா எஞ்சின்களும் ஒரே கட்டளையைத்தான் பெறும்.

இரண்டாவது கன்ட்ரோலரை அப்படியே இணைத்தால்

இங்கேதான் முதல் பெரிய தவறு நடக்கிறது. அதே வட்டப் பாதையின் மறுமுனையில் இன்னொரு கன்ட்ரோலரை இணைத்துவிட்டு, ஆளுக்கொரு ரயில் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். பாதை முழுக்க ஒரே உலோகத் தொடர். எந்த இடத்தில் இணைத்தாலும் இரண்டு கன்ட்ரோலர்களின் கம்பிகளும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் இருந்தால், ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடுகிறது. நடுவில் தடுக்க எதுவும் இல்லாமல் மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாயும். இதைத்தான் குறுக்குச்சுற்று, வழக்கில் ஷார்ட், என்கிறோம். பாதுகாப்பு இருந்தால் கன்ட்ரோலர் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் சூடேறும், கருகும். ஆகவே இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டு கன்ட்ரோலர் வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்கு முன்னால் பாதையைப் பிரித்தாக வேண்டும்.

பாத்தி கட்டுவது போல

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவர் நிலம் முழுவதையும் ஒரே குட்டையாக விடுவதில்லை. வரப்பு எழுப்பிப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கிறார். எந்தப் பாத்திக்கு எப்போது நீர் போக வேண்டும் என்பதை மடை திறந்தும் அடைத்தும் தீர்மானிக்கிறார். மாதிரி ரயில் பாதையிலும் அதைத்தான் செய்கிறோம். பாதையை மின்சாரத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் பிளாக் என்று பெயர். வரப்பின் இடத்தில் தண்டவாளத்தில் ஓர் இடைவெளி, மடையின் இடத்தில் ஒரு சுவிட்ச்.

இடைவெளியை இரண்டு விதமாக உண்டாக்கலாம். பாதைத் துண்டுகளை இணைக்கும் உலோக இணைப்பிக்குப் பதிலாக பிளாஸ்டிக் இணைப்பியைப் போடுவது எளிய வழி. ஏற்கெனவே பதித்துவிட்ட பாதை என்றால் நுண்ணிய ரம்பத்தால் தண்டவாளத்தை அறுத்துவிடலாம். அறுத்தால் கண்டிப்பாக அந்த வெட்டில் மெல்லிய பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றை ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள். நான் தொடக்கத்தில் வெட்டை அப்படியே திறந்து விட்டிருந்தேன். ஒரு கோடை மதியம் இரண்டு பிளாக்குகள் திடீரென்று ஒரே பிளாக்காக நடந்துகொண்டன. சுவிட்சையும் கம்பியையும் ஒரு மணி நேரம் சோதித்தும் குறை தெரியவில்லை. கடைசியில், மின்தொடர்பு இருந்தால் பீப் ஒலி எழுப்பும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வெட்டுக்கு இருபுறமும் வைத்தேன். பீப் என்றது. குனிந்து பார்த்தால், காகிதம் நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளி வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு, முடிகூட நுழையாதபடி மூடியிருந்தது. அன்றிலிருந்து துணுக்கு வைக்காத வெட்டு என் பலகையில் இல்லை.

அடுத்து சுவிட்ச். ஆறு கால்களும், மேல், நடு, கீழ் என மூன்று நிலைகளும் கொண்ட சுவிட்சை வாங்குங்கள். நடு நிலையில் அது ஆஃப் ஆக இருக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டு கால்களிலிருந்து பிளாக்கின் இரண்டு தண்டவாளங்களுக்கும் கம்பி போகும். ஒரு முனையிலுள்ள இரண்டு கால்களில் முதல் கன்ட்ரோலர், மறு முனையிலுள்ள இரண்டில் இரண்டாவது கன்ட்ரோலர். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பிளாக் முதல் கன்ட்ரோலருக்குச் சொந்தம். மறுபக்கம் தள்ளினால் இரண்டாவதற்குச் சொந்தம். நடுவில் விட்டால் யாருக்கும் சொந்தமில்லை, அங்கே நிற்கும் ரயில் அசையாது. ஒரே நேரத்தில் இரண்டு கன்ட்ரோலரும் ஒரு பிளாக்கைத் தொட இந்தச் சுவிட்சில் வழியே கிடையாது. முன்பு பார்த்த ஷார்ட் இதனால் தவிர்க்கப்படுகிறது.

ஒவ்வொரு பிளாக்குக்கும் இப்படி ஒரு சுவிட்ச். உங்கள் ரயில் முன்னேற முன்னேற, அடுத்த பிளாக்கின் சுவிட்சை உங்கள் கன்ட்ரோலர் பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ரயில் கடந்துவிட்ட பிளாக்கை விட்டுக்கொடுக்க வேண்டும். உண்மையான ரயில்வேயிலும் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயிலைத்தான் வழக்கமாக அனுமதிக்கிறார்கள். மாதிரிப் பாதையில் மின்சாரத் தேவைக்காகச் செய்த பிரிவு, அசல் ரயில்வேயின் ஒழுங்கையும் தானாகக் கொண்டுவந்துவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான். சுவிட்சுகளின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநராகவும் சிக்னல் அறைக்காரராகவும் ஆகிவிடுகிறார்.

எத்தனை பிளாக் வேண்டும்? ஓடும் ரயில்களைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நகர இடமிருக்காது. ஒவ்வொரு பிளாக்கும் உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருப்பது நல்லது. எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கும் பக்கப்பாதை, நிலையத்தின் ஒவ்வொரு நடைமேடைப் பாதை, எஞ்சின் நிறுத்தும் கிளைப்பாதை ஆகியவை தனித்தனி பிளாக்காக அமையட்டும்.

எல்லையைக் கடக்கும் அந்த நொடியில் ஓர் எச்சரிக்கை. எஞ்சினின் முன்சக்கரங்கள் புதிய பிளாக்கிலும் பின்சக்கரங்கள் பழைய பிளாக்கிலும் இருக்கும்போது, எஞ்சினே இரண்டுக்கும் பாலமாகிவிடுகிறது. இரண்டு பிளாக்கும் ஒரே கன்ட்ரோலரில் இருந்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த பிளாக் எதிர்த் துருவநிலையிலுள்ள மற்ற கன்ட்ரோலரிடம் இருந்தால், எஞ்சின் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். சுவிட்சை மாற்ற மறந்தவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள்.

ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டி, மறு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் சிக்கன முறையும் உண்டு. கம்பியும் சுவிட்சின் கால்களும் பாதியாகக் குறையும். ஆனால் அதற்கு ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி மின்வழங்கி கட்டாயம். இரண்டும் ஒரே அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுத்தால், ஒன்றைப் பின்னோக்கித் திருப்பியதும் ஷார்ட். முதல்முறை செய்பவர்கள் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிவிடுவதே நிம்மதி என்பது என் கருத்து.

இதுவரை பார்த்தது: பாதையைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கையும் சுவிட்ச் மூலம் ஏதாவது ஒரு கன்ட்ரோலரிடம் ஒப்படைத்தால் இரண்டு ரயில்களைத் தனித்தனியாக ஓட்டலாம். ரயிலைத் தொடர்ந்து சுவிட்சுகளை மாற்றும் வேலை நம்முடையது.

திரும்பி வரும் வளையம்

பாதை வரைபடத்தில் புதியவர்களை மிகவும் ஏமாற்றும் இடம் இது. ரயில் நேர்ப்பாதையில் போய், ஒரு பெரிய வளையத்தைச் சுற்றி, வந்த பாதையிலேயே எதிர்முகமாகத் திரும்புகிறது. பார்க்க அழகு. இரண்டு ரயில் ஓட்டுவதற்கு முன்பே, ஒரே ரயிலோடுகூட இது ஷார்ட் ஆகும்.

ஏன் என்று காகிதத்தில் பார்க்கலாம். இடப்பக்கத் தண்டவாளத்தைச் சிவப்புப் பென்சிலிலும் வலப்பக்கத்தை நீலத்திலும் வரையுங்கள். சிவப்புக் கோட்டை விடாமல் வளையத்தைச் சுற்றி வரைந்துகொண்டே வாருங்கள். தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது சிவப்பு, நீலத்தின் மேல் வந்து மோதும். அந்த மோதல்தான் ஷார்ட். ரயில் திசையை மாற்றிக்கொள்ள உதவும் முக்கோணப் பாதையிலும் இதே மோதல் உண்டு.

தீர்வு, வளையத்தில் முழு ரயிலும் அடங்கும் நீளத்துக்கு ஒரு பகுதியை எடுத்து, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டித் தனிமைப்படுத்துவது. ரயில் அந்தப் பகுதிக்குள் முழுவதும் வந்த பிறகு, வெளிப்பாதையின் துருவநிலையைச் சுவிட்சால் மாற்றினால், ரயில் நிற்காமல் வெளியேறிவிடும்.

எந்தப் பாதை வரைபடத்தையும் பலகைக்குக் கொண்டுபோகும் முன் இந்தச் சிவப்பு நீலச் சோதனையைச் செய்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

பெயர் சொல்லி அழைக்கும் முறை

இனி டிஜிட்டல். பாதைக்குக் கட்டளையிடுவதற்குப் பதில் எஞ்சினுக்கே கட்டளையிட முடிந்தால்? இந்த ஆசை பழையது. 1960-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அஸ்ட்ராக் என்ற பெயரில் இப்படியொரு கருவியை விற்றது. இன்று பரவலாக உள்ள முறை டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, 1935-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு நிறுவனத்தின் கருவியோடு இன்னொரு நிறுவனத்தின் எஞ்சினும் ஓடும்.

ஆசிரியர் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெயரை அழைக்கிறார். அறையிலுள்ள அனைவருக்கும் கேட்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் பதில் சொல்கிறார். டிசிசியில் பாதைதான் வகுப்பறை. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறிய மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்கு முகவரி என்று ஓர் எண் உண்டு. “3-ஆம் எண், மெதுவாக முன்னோக்கிப் போ” என்ற செய்தியை, கன்ட்ரோலரின் இடத்தில் இருக்கும் டிசிசி கருவி பாதை முழுக்கப் பரப்புகிறது. எல்லா டிகோடர்களும் அதைப் படிக்கின்றன. 3-ஆம் எண் மட்டும் கீழ்ப்படிகிறது.

செய்தி எப்படிப் போகிறது? பாதையில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். அதன் துருவநிலை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையிலுள்ள நேரம்தான் எழுத்து. சுமார் 58 மைக்ரோநொடியில் மாறினால், அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 58 பங்கு நேரத்தில் மாறினால், அது 1. சுமார் 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் அது 0. இந்த ஒன்றுகளையும் சுழிகளையும் கோத்து முகவரி, கட்டளை, பிழை சரிபார்க்கும் ஒரு பகுதி என்று செய்தி அமைகிறது. டிகோடர் அதைப் படிப்பதோடு, மாறிமாறி வரும் அதே மின்சாரத்தை ஒரே திசையாக்கித் தன் மோட்டாருக்கு வேண்டிய அளவில் கொடுக்கிறது. ஒரே ஜோடித் தண்டவாளம் உணவையும் ஓலையையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

தொடக்கத்தில் செய்த சோதனையை டிசிசி எஞ்சினில் செய்து பாருங்கள். எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தால், இம்முறை அது தன் மூக்கு பார்க்கும் பக்கமே போகும். முன்னோக்கி என்ற சொல்லின் பொருளை இப்போது தீர்மானிப்பது எஞ்சின்.

புதியவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிகோடர்கள் பொதுவாக 3 என்ற முகவரியோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. புதிதாக வாங்கிய இரண்டு எஞ்சின்களையும் பாதையில் வைத்து 3-ஐ அழைத்தால் இரண்டும் கிளம்பும். கருவி கெட்டுப்போனது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம். ஒரு எஞ்சினுக்கு வேறு எண் கொடுத்தால் போதும்.

இதுவரை பார்த்தது: டிசிசியில் பாதைக்கு நிலையான மின்சாரமும் செய்தியும் போகின்றன. வேகத்தையும் திசையையும் எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் கவனித்துக்கொள்கிறது.

இரண்டு கம்பி போதுமா?

சின்ன வட்டப் பாதைக்குப் போதும். பாதை பெரிதானால் போதாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் ஏமாற்றமடைகிறார்கள்.

தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற கலவையால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் இது மின்சாரத்தை மிகவும் மோசமாகக் கடத்தும். போதாததற்கு ஒவ்வொரு இணைப்பியிலும் கொஞ்சம் இழப்பு. ஆகவே பலகைக்கு அடியில் பாதை நெடுகத் தடித்த செம்புக் கம்பி இரண்டை ஓட விடுங்கள். இதை முதன்மைக் கம்பி என்போம். அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மீட்டருக்கு ஒருமுறை சிறிய கிளைக் கம்பிகள் மேலேறித் தண்டவாளத்தோடு பற்றவைக்கப்பட வேண்டும். இரண்டு நிறக் கம்பிகளைத் தேர்ந்தெடுத்து, எந்த நிறம் எந்தத் தண்டவாளத்துக்கு என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஷார்ட் பயமும் டிசிசியில் கூடுகிறது, குறைவதில்லை. பெரிய கருவிகள் 5 ஆம்பியர்வரை கூடத் தரும். ஓர் எஞ்சின் தடம்புரண்டு இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால் அத்தனையும் அந்தச் சக்கரத்தின் வழியே பாயும். கருவி உடனே உணர்ந்து நிறுத்த வேண்டும். உணர்கிறதா என்று பார்க்க ஒரு நாணயம் போதும். பாதையின் வெவ்வேறு இடங்களில் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே அதை ஒரு கணம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் மின்சாரம் சட்டென்று துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாத இடத்தில் நாணயம் சூடேறும். அங்கே கிளைக் கம்பி போதவில்லை என்று பொருள்.

திரும்பும் வளையம் டிசிசியிலும் ஷார்ட்தான். இரு முனை வெட்டும் தேவைதான். ஆனால் துருவநிலையை மாற்றும் வேலையைத் தானியங்கிக் கருவி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். டிகோடருக்குத் துருவநிலை முக்கியமில்லை என்பதால் ரயில் தடுமாறாமல் போய்க்கொண்டே இருக்கும்.

கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று: ஒரே பாதையில் சாதாரண கன்ட்ரோலரையும் டிசிசி கருவியையும் ஒருசேர இணைக்காதீர்கள். ஒன்று போனால் ஒன்று என்று மட்டுமே.

எதைத் தேர்ந்தெடுப்பது

கையில் ஏற்கெனவே பல பழைய எஞ்சின்கள் இருந்து, இரண்டு ரயில்கள் ஓடினால் போதும் என்றால், பிளாக் முறையைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிகோடர் வாங்கும் செலவு மிச்சம், மின்சாரத்தின் நடத்தையும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். மூன்று நான்கு ரயில்கள், விளக்கு, ஒலி, பலர் சேர்ந்து ஓட்டுவது என்று ஆசை விரிந்தால் டிசிசிக்கே நேராகப் போங்கள். அப்போதும் பிளாக் எல்லைகளில் வெட்டுகளை விட்டுவைப்பது நல்லது. ஷார்ட் எங்கே என்று தேடும் நாளில் பாதையைப் பகுதி பகுதியாக அணைத்துப் பார்க்க அவை உதவும்.

எந்த முறையானாலும், வீட்டு மின்சாரம் நுழையும் அடாப்டரைத் திறக்க வேண்டாம். நம் வேலை எல்லாம் அதற்குப் பிறகு வரும் குறைந்த வோல்ட் பக்கத்தில்தான். பாதையை மின்வழங்கியோடு சேர்க்கும் முன்பே மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளைக் கம்பியைப் பற்றவைத்ததும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே பீப் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடுத்த கம்பிக்குப் போங்கள். வந்தால், கோளாறு கடைசியாகத் தொட்ட கம்பியில்தான் இருக்கும்.